மீனே இல்லாத தொட்டிக்கு ஒரு மாதம் தீனி

புதுத் தொட்டி வாங்குகிறவர்களிடம் கடைக்காரர் சொல்லும் வசனம், வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்போன சென்னைக் கொளத்தூரிலிருந்து மதுரை வரைக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "தண்ணி ஊத்தி ரெண்டு நாள் மோட்டார் ஓட விடுங்க, மூணாவது நாள் வந்து மீன் எடுத்துக்கோங்க." அந்த இரண்டு நாளில் குழாய்த் தண்ணீரில் இருந்த குளோரின் போயிருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் விட்ட கப்பி மீன் ஒரு வாரம் ஜோராகத் திரியும், அப்புறம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளக்கும், ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கடைக்குத் திரும்பிப் போனால் ஒரு நீல மருந்தைக் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் மெத்திலீன் புளூ. தொட்டியில் அரைகுறையாக வளர ஆரம்பித்திருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அது கெடுத்துவிடும். அடுத்த வாரம் புது மீன், மறுபடியும் அதே கதை. "எங்க வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லி மாடியில் தொட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கும் எத்தனை வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அமோனியாதான் காரணம்.

மீன் மூச்சுவிடும்போதே செவுள் வழியாக அமோனியாவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகினாலும் அதே அமோனியாதான். குளத்திலோ ஆற்றிலோ இது பிரச்சினையில்லை, தண்ணீரும் அதிகம், அதைத் தின்ன ஆளும் அதிகம். நாலு கண்ணாடிக்குள் அடைத்த ஐம்பது லிட்டரில் அது சேர்ந்துகொண்டே போகும். பழகிய தொட்டியில் ஒரு கூட்டம் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அது மீனின் ரத்தத்தில் ஹீமோகுளோபினைக் கெடுத்து ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் பண்ணிவிடும், ரத்தமே பழுப்பாகிவிடும், தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். கடைசியில் வரும் நைட்ரேட் அந்த அளவுக்கு மோசமில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும்.

இந்த பாக்டீரியாக்கள் யார் என்பதே தனி சுவாரசியம். 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார். வெளிச்சமே இல்லாமல், அமோனியாவிலிருந்து சக்தியை எடுத்து, கரியமில வாயுவை வைத்து உடம்பை வளர்த்துக்கொள்ளும் உயிர்கள். அதற்குப் பிறகு ரொம்பக் காலம் மீன் புத்தகங்கள் எல்லாம் அமோனியாவுக்கு நைட்ரோசோமோனாஸ், நைட்ரைட்டுக்கு நைட்ரோபாக்டர் என்ற இரண்டு பேரையே ஒப்பித்துக்கொண்டிருந்தன. 1990களின் கடைசியில் டிமோத்தி ஹோவனெக்கும் கூட்டாளிகளும் உண்மையான மீன் தொட்டிகளில் மரபணுவைத் தேடிப் பார்த்தபோது நைட்ரோபாக்டரைக் காணோம், நைட்ரைட்டைத் தின்றுகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா வகை. 2011இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நன்னீர்த் தொட்டி ஃபில்டர்கள் பலவற்றில் அமோனியாவைத் தின்பது பாக்டீரியாவைவிட ஆர்க்கியா என்ற வேறொரு இனமே அதிகம் என்று கண்டார்கள். 2015இல் அமோனியாவிலிருந்து நைட்ரேட் வரைக்கும் இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராவே கிடைத்துவிட்டது. இந்தப் பதிவில் நான் பொதுவாக "பாக்டீரியா" என்றே எழுதுகிறேன், ஆர்க்கியா கோபித்துக்கொள்ளாது.

நமக்கு வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது, இவை மெதுவாகப் பெருகும். வயிற்றைக் கெடுக்கும் ஈ.கோலை வசதியான சூழலில் இருபது நிமிஷத்தில் இரட்டிப்பாகும், இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ, சமயத்தில் அதற்கு மேலோ ஆகும். இரண்டாவது, இவை தண்ணீரில் மிதந்துகொண்டு இருப்பவை அல்ல. ஸ்பாஞ்ச், செராமிக் ரிங், கூழாங்கல், கண்ணாடி என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழும். "பழைய தண்ணி ஒரு பக்கெட் கொண்டுவந்து ஊத்துங்க" என்பதில் பெரிய பலன் இல்லாததற்கும், தண்ணீரை மாற்றினால் பாக்டீரியா போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம் என்பதற்கும் காரணம் இதுதான்.

சரி, மீன் இல்லாமல் இவற்றை எப்படி வளர்ப்பது? மீன் தரும் அமோனியாவை நாமே தருவதுதான் வழி.

சுலபமான வழி, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைக் காலித் தொட்டியில் போடுவது. வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. இதில் எவ்வளவு அமோனியா வருகிறது என்று நம் கையில் கட்டுப்பாடு கிடையாது, அழுகித்தான் வரவேண்டும், பூஞ்சை பிடிக்கும். சிலர் உரித்த இறால் ஒன்றை வலைத்துணியில் கட்டிப் போடுவார்கள். வேலை செய்யும். ஆனால் மே மாதத்துச் சென்னையில், மூடிய வீட்டுக்குள், மூன்றாம் நாள் அந்த நாற்றத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

எனக்குப் பிடித்தது அம்மோனியம் குளோரைடு. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் சூட்டில் தேய்ப்பார்களே, அந்த நவச்சாரம்தான். நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைப்பதில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் பாரிமுனைப் பக்கம் ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடைகளில் சுத்தமானதை வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன பாட்டில் வாங்கினால் நாலைந்து தொட்டிக்கு வரும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் கல் எல்லாம் போட்டது போக ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அமோனியா வர 0.3 கிராம் போதும். அதை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது என்பதால் 6 கிராமை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 10 மில்லி ஊற்றினால் கணக்கு சரியாக வரும். பாட்டிலில் பெரிதாகப் பேர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். யூரியா போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. யூரியா முதலில் உடைந்துதான் அமோனியாவாக வேண்டும், உடையும் வரைக்கும் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அது தெரியாது, தெரியவில்லையே என்று மேலும் போடுவோம், வேண்டாம் அந்த வம்பு.

அதிகம் போட்டால் சீக்கிரம் ஆகிவிடும் என்பதும் சரியில்லை. 5 பிபிஎம்முக்கு மேல் போனால் நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவே திணற ஆரம்பிக்கும். 2 போதும்.

தொட்டியை அமைக்கும்போது ஃபில்டரும் காற்றும் நாள் முழுக்க ஓட வேண்டும், இவற்றுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். குழாய்த் தண்ணீராக இருந்தால் ஆன்டி குளோரின் சொட்டு விடுங்கள், அல்லது ஒரு நாள் திறந்து வையுங்கள். குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிற ஊராக இருந்தால் திறந்து வைப்பதால் போகாது, சொட்டு மருந்துதான். சூட்டைப் பொறுத்தவரை நாம் கொடுத்து வைத்தவர்கள். வெள்ளைக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் ஹீட்டர் போட்டு 27, 28 டிகிரிக்குக் கொண்டுவரச் சொல்வார்கள், நம் கடற்கரை ஊர்களில் அது வருஷத்தில் பாதி நாள் சும்மா கிடைக்கிறது. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மட்டும் ஹீட்டர் வாங்க வேண்டும். விளக்கு வேண்டாம், செடி இல்லாத தொட்டிக்கு வெளிச்சம் போட்டால் பாசிதான் வளரும்.

இன்னொன்று, எந்த வெளிநாட்டுக் குறிப்பிலும் நான் பார்க்காதது. மீன் இல்லாத தெளிந்த தண்ணீர் ஒரு மாதம் வீட்டில் நிற்கப்போகிறது, ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? தண்ணீரின் மேல்பரப்பு ஆடிக்கொண்டே இருந்தால் ஓரளவு வராது, இருந்தாலும் மேலே கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டிவிடுங்கள். கொசு ஒழிப்புக்கு வரும் கார்ப்பரேஷன் ஊழியரிடம் நைட்ரோஸ்பைராவை விளக்கிக்கொண்டு நிற்பதைவிட அது சுலபம்.

முதல் வாரத்தில் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெள்ளையாகக் கலங்கலாம். அது வேறு வகை பாக்டீரியா, கரிமப் பொருளைத் தின்று வேகமாகப் பெருகுவது, தானாகவே அடங்கிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படிக் கலங்கியது தெளிந்ததும் போன் செய்து "அண்ணா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மீன் விட்டுடலாமா?" என்றான். அன்றைக்கு அவன் தொட்டியில் அமோனியா 2, நைட்ரைட் பூஜ்யம், அதாவது இன்னும் ஒன்றுமே தொடங்கவில்லை. தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் தொட்டி தயாராக இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, கண்ணால் பார்த்து இதைச் சொல்ல யாராலும் முடியாது. டெஸ்ட் கிட் வாங்கத்தான் வேண்டும். விலை அதிகம் என்று எல்லோரும் முணுமுணுப்பார்கள், அதே ஆள் ஜோடி ஆயிரம் ரூபாய் மீனை யோசிக்காமல் வாங்குவார். அட்டைக் குச்சியைவிட சொட்டு சொட்டாக விடும் திரவக் கிட் மேல். நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.

அந்தக் கிட்டில் ஒரு நுணுக்கம். நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலில் மருந்து அடியில் படிந்துவிடும். ஏபிஐ என்ற கம்பெனியின் கிட்டில் அதை 30 விநாடி பலமாகக் குலுக்கி, சொட்டு விட்ட பிறகு சோதனைக் குழாயை ஒரு நிமிஷம் குலுக்கி, ஐந்து நிமிஷம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். குலுக்காமல் போட்டு நைட்ரேட் பூஜ்யம் என்று நம்பியவர்கள் ஏராளம்.

இப்போது என்ன நடக்கும் என்றால், கொஞ்ச நாள் ஒன்றுமே நடக்காது. அமோனியா 2இலேயே நிற்கும். அப்புறம் ஒரு நாள் நைட்ரைட் குழாயில் வெளிர்நீலம் ஊதாவாக மாறும், அமோனியா இறங்க ஆரம்பிக்கும். அமோனியா பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி ஒரு 10 மில்லி. இந்தக் கட்டத்தில் நைட்ரைட் ஏறிக்கொண்டே போகும். 2 பிபிஎம் அமோனியா முழுக்க மாறினால் 5 பிபிஎம்முக்கு மேல் நைட்ரைட் வரும் (ஒவ்வொரு நைட்ரஜன் அணுவோடும் இரண்டு ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதால் எடை கூடுகிறது), கிட்டின் வண்ண அட்டையோ 5இல் முடிந்துவிடும். ஆகவே இரண்டு தடவை ஊற்றியதுமே குழாய் கரு ஊதாவில் நின்றுவிடும், பத்து இருந்தாலும் இருபது இருந்தாலும் நிறம் ஒன்றுதான். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு நாலு பங்கு நல்ல தண்ணீர் கலந்து சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். ரொம்ப ஏறியிருந்தால் பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள், ஒட்டியிருப்பவர்கள் ஒட்டியேதான் இருப்பார்கள். நைட்ரைட் தின்னும் கூட்டம் தாமதமாகத்தான் வரும், பொறுமை போவது இங்கேதான், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் மீனை விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒரு நாள், முந்தின நாள் வரை கரு ஊதாவாக இருந்தது வெளிர்நீலமாகிவிடும்.

எல்லாம் சேர்த்து வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரம். நம் சூட்டில் சற்று முன்னதாகவும் முடியலாம்.

நடுவில் எல்லாம் அப்படியே நின்றுபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆர்.ஓ. தண்ணீரை. "மீனுக்கு நல்ல தண்ணி" என்று குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரையே பாசமாக ஊற்றி வைத்திருப்பார்கள். அமோனியா நைட்ரைட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது, அதைச் சமாளிப்பது தண்ணீரில் இருக்கும் கார்பனேட், மீன்காரர்கள் பாஷையில் கேஎச். 2 பிபிஎம் அமோனியா மாறி முடிய லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கார்பனேட் செலவாகும். ஆர்.ஓ. தண்ணீரில் அது இருப்பதே சொற்பம், இரண்டு தடவை ஊற்றுவதற்குள் தீர்ந்து பிஎச் (அமிலம் கூடினால் குறையும் அளவு) 6க்குக் கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். 50 லிட்டர் தொட்டியில் ஒரு தடவை அமோனியா தின்றுவிட்ட கார்பனேட்டை ஏறக்குறைய 1 கிராம் ஆப்ப சோடா ஈடுகட்டும். அதைவிட நேர்வழி, போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலப்பது. துணியும் வாளியும் வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரை எல்லோரும் திட்டுவோம், பாக்டீரியா வளர்ப்புக்கு அது பிரமாதம்.

ஆனால் அதே போர் தண்ணீருக்கு இன்னொரு முகம் உண்டு. பிஎச் 8, சூடு 30 டிகிரி என்றால் கிட்டில் தெரியும் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஎச் 7ஆக இருந்தால் ஒரு பங்குகூட இருக்காது, மற்றதெல்லாம் அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம். சும்மா கிடைக்கிறது என்று சொன்ன சூடும் இந்தப் போர் தண்ணீரும் சேர்ந்து, பழகாத தொட்டியில் மீன் விடுவதை இங்கே இன்னும் மோசமாக்குகின்றன. பிஎச் 7க்குக் கீழே தண்ணீர் வைத்திருக்கும் ஒருவர் "நான் முதல் நாளே விட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய தண்ணீர் வேறு.

குறுக்கு வழி உண்டா என்றால், உண்டு, நல்ல குறுக்கு வழி ஒன்றே ஒன்று. நோயில்லாத, பல மாதம் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உறை ஊற்றுவது. கேட்க ஆள் இருந்தால் இதைவிட மேல் எதுவுமில்லை, வாரக்கணக்கு நாள்கணக்காகச் சுருங்கும். ஈரமாக, கொஞ்சம் காற்றும் இருக்கும்படி பையில் போட்டு நேராக வீட்டுக்கு வாருங்கள், வழியில் வெயிலில் வண்டியை நிறுத்தி டீ குடிக்க வேண்டாம். அந்த ஸ்பாஞ்சோடு நோயும் நத்தையும் வரலாம் என்பதால் கடைத் தொட்டி ஸ்பாஞ்ச் எனக்குச் சம்மதமில்லை.

பாட்டில் பாக்டீரியா பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வேலை செய்பவை இருக்கின்றன. வாங்கும்போது பாட்டிலில் பேரைப் படியுங்கள். பாசில்லஸ் என்று மட்டும் போட்டிருந்தால் அது கழிவை மக்க வைக்கும் வகை, வித்து உருவில் மாதக்கணக்கில் தூங்கும், தூளாக்கி விற்கலாம். நைட்ரைட்டைத் தின்னும் வகை வித்து உண்டாக்காது, உயிரோடுதான் பாட்டிலில் இருக்க வேண்டும். அது நாக்பூர் வெயிலில் லாரிக்குள் கிடந்து, கடை ஜன்னலில் காய்ந்து நம் கைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும்? போட்டால் போடுங்கள், ஆனால் பாட்டிலின் வாக்குறுதியை நம்பி மறுநாள் மீன் விடாதீர்கள், கிட் சொல்லட்டும்.

செடி நிறைய வைக்கப்போகிறவர்களுக்குக் கதையே கொஞ்சம் மாறும். வேலம்பாசி, ஆகாயத்தாமரை மாதிரி வேகமாக வளர்பவை அம்மோனியத்தை நேராகவே உறிஞ்சிக்கொள்ளும், மணி பிளான்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டால்கூட உதவும். கொளத்தூர்க்காரர்களின் சிமென்ட் தொட்டிகளில் பச்சைத் தண்ணீரில் குஞ்சுகள் கொழிப்பதற்கு அந்தப் பச்சைப் பாசியும் ஒரு காரணம். அவர்கள் முறை அவர்களுக்குச் சரி. அதை வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டிக்கு, அதுவும் பிளாஸ்டிக் செடி வைத்ததற்கு அப்படியே சொல்வதுதான் சிக்கல்.

எப்போது முடிந்தது என்று அறிவது எளிது. 10 மில்லி ஊற்றுங்கள், 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் முடிந்தது. மறுநாளும் ஒரு தடவை இதையே செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இதற்குள் நைட்ரேட் எக்கச்சக்கமாகச் சேர்ந்திருக்கும் (ஒவ்வொரு தடவைக்கும் 7 பிபிஎம் கணக்கு), அதனால் முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு அன்றைக்கோ மறுநாளோ மீனை விடுங்கள். வெளியூர் போகிறோம், பத்து நாள் கழித்து மீன் என்றால் அது வரைக்கும் அமோனியா ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பட்டினி போட்டால் இவ்வளவு நாள் வளர்த்ததன் வேகம் குறைந்துவிடும். 2 பிபிஎம் தின்னும் தொட்டி பத்துப் பதினைந்து கப்பியைத் தாங்கும். அதற்காக ஒரே நாளில் இரண்டு கோல்ட்ஃபிஷ், ஒரு டஜன் மாலி, அடியில் சக்கர் என்று இறக்காதீர்கள். இரண்டடித் தொட்டியில் கோல்ட்ஃபிஷ்ஷே வேண்டாம் என்பேன், அது வேறு பதிவுக்கான சண்டை.

மீன் வந்த பிறகு பாக்டீரியா சாவது பெரும்பாலும் இரண்டு விதத்தில்தான். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று அலசுவது. தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து அதில் நாலு தடவை பிழிந்தால் போதும், பழுப்பாகவே இருக்கட்டும். இரண்டாவது, கரண்ட் போவது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை அந்தக் கூட்டமே சீக்கிரம் தின்று தீர்த்துவிட்டு மூச்சுத் திணறும், பல மணி நேரம் கழித்து கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் மொத்தமும் தொட்டிக்குள் வரும். புயல் மழைக் காலத்தில் பாதி நாள் இருட்டில் இருக்கும் ஊர்களில் இது சாதாரணமாக நடக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே மிதக்க விடுங்கள், பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஓட விடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்தப் பம்ப்பையும் நாலு பேட்டரியையும் வாங்கி வைத்துவிடுங்கள், புயல் எச்சரிக்கை வந்த பிறகு கடையில் கிடைக்காது.